மைஎஸ்கியூஎல் 5.1-இலிருந்து 8.0-க்கு மாற்றினேன், தமிழ் எல்லாம் குப்பை எழுத்தாக வருகிறது, புள்ளிகளும் தொலைகின்றன

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிற்றிதழின் பழைய இதழ்களை 2008 முதல் ஒரு தளத்தில் ஏற்றி வருகிறோம். கதை, கட்டுரை, கல்வெட்டுக் குறிப்பு எல்லாம் சேர்த்து 6,200-க்கு மேல், வாசகர் கடிதங்கள் ஏறக்குறைய 14,000. இப்போதைய சர்வர் 2012-இல் அமைத்தது. சென்ட்ஓஎஸ் 6 (இயங்குதளம்), மைஎஸ்கியூஎல் 5.1 (டேட்டாபேஸ்), பிஎச்பி 5.3 (தளத்தின் நிரல்மொழி), அப்பாச்சி 2.2 (வெப் சர்வர்). சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன, அப்போதே மாற்றியிருக்க வேண்டும், ஆள் இல்லாமல் தள்ளிப்போய்விட்டது. இப்போது இடம் கொடுக்கும் நிறுவனம் இந்த மாதக் கடைசியில் அந்த மெஷினை நிறுத்திவிடுவதாக மெயில் அனுப்பிவிட்டது. இன்னும் 11 நாள்.

புது சர்வரில் உபுண்டு 24.04, மைஎஸ்கியூஎல் 8.0, பிஎச்பி 8.3 போட்டேன். பழைய பிஎச்பி கோடை நண்பர் ஒருவர் பிடிஓவுக்கு (டேட்டாபேஸோடு பேசும் புதிய முறை) மாற்றி, இணைப்பின் எழுத்துக் குறியாக்கம் (எழுத்தைப் பைட்களாக எழுதும் முறை) யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்தார். பழைய சர்வரில் சாதாரணமாக ஒரு மைஎஸ்கியூஎல்டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் எழுதிய ஃபைல்) எடுத்துப் புதியதில் ஏற்றினேன். எந்தப் பிழையும் வரவில்லை. தளத்தைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 'அ' இருக்க வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் மூன்று புள்ளி. எல்லாப் பக்கமும் இப்படித்தான். பழைய தளம் இன்னும் ஓடுகிறது, அங்கே தமிழ் சரியாகத் தெரிகிறது.

தேடிப் பார்த்து இரண்டு வேலை செய்தேன். புதிய டேட்டாபேஸில் டேபிளின் குறியாக்கத்தை மாற்றும் ஆல்டர் டேபிள் கன்வர்ட் கொடுத்தேன், எதுவும் மாறவில்லை. பிறகு டம்ப் ஃபைலை ஐகான்வ் என்ற குறியாக்கம் மாற்றும் கருவி வழியாக யுடிஎஃப்8-இலிருந்து சிபி1252-க்கு மாற்றினேன். முதலில் பாதியில் பிழை சொல்லி நின்றது, பிழையை விட்டுவிட்டுப் போ என்று மைனஸ் சி போட்டதும் முடிந்தது. அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் தமிழ் வந்துவிட்டது! ஆனால் 'தமிழ்' என்ற சொல்லில் ழ-வுக்குப் பிறகு புள்ளி இல்லை, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி இருக்கிறது. 'முருகன்' என்பதில் மு, ரு இரண்டிலும் உகரம் போய்விட்டது. 'மூலம்' என்பதில் ஊகாரம் நன்றாக இருக்கிறது, கடைசிப் புள்ளிதான் இல்லை. ஏ, ஐ என்று தொடங்கும் சொற்களின் முதல் எழுத்தும் காணோம். மற்ற எழுத்தெல்லாம் இருக்கும்போது இவை மட்டும் ஏன் போகின்றன என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பதினாறு வருட உழைப்பு இது, தட்டச்சு செய்தவர்களில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கூடுதல் தகவல்: பழைய டேட்டா ஃபோல்டர் 160 எம்பிதான், டம்ப் ஃபைல் 330 எம்பி வந்தது. இது சரியா என்றும் தெரியவில்லை.


கடைசிபைட்:

பதற வேண்டாம், உங்கள் தமிழ் ஒரு பைட் கூடக் குறையாமல் பழைய சர்வரில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று விஷயம் இப்போதே செய்யுங்கள். பழைய சர்வரில் எந்த ஆல்டரும் கொடுக்காதீர்கள். யாரும் புதுக் கட்டுரை, கடிதம் போடாதபடி எழுதும் பகுதியை மூடிவிடுங்கள். டேட்டா ஃபோல்டரை மைஎஸ்கியூஎல்லை ஒரு நிமிடம் நிறுத்தி, அப்படியே டார் கட்டி (ஒரே ஃபைலாகச் சேர்த்து) வேறு இடத்தில் வையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய சர்வரில், 'அ' என்று தொடங்கும் ஒரு கட்டுரைத் தலைப்பை எடுத்து, ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் (பைட்களைப் பதினறும எண்ணாகக் காட்டுவது) போட்டு என்ன வருகிறது என்று பாருங்கள். திரையில் தெரியும் எழுத்தை நம்பாதீர்கள், அது டெர்மினல், இணைப்பு, உலாவி என்று மூன்று பேர் கை மாறி வருவது. ஹெக்ஸ் மட்டும்தான் டிஸ்கில் இருப்பதைச் சொல்லும். இ0 ஏஇ 85 என்று வந்தால் 'அ' சுத்தமான யுடிஎஃப்8-ஆக உள்ளே இருக்கிறது. சி3 ஏ0 சி2 ஏஇ இ2 80 ஏ6 என்று ஏழு பைட் வந்தால் இரண்டு தடவை என்கோடு ஆகியிருக்கிறது. 3எஃப் 3எஃப் என்று வந்தால் அது நிஜக் கேள்விக்குறி, அந்த இடத்தில் எழுத்து போய்விட்டது என்று பொருள். கடிதங்கள் டேபிளிலும் இதையே பாருங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் ஷோ கிரியேட் டேபிள் கொடுத்து கேரக்டர் செட் என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.


சீக்கிரம்_முடி:

இவ்வளவு எதற்கு? முதலில் எடுத்த டம்பையே ஏற்றிவிட்டு, பிடிஓ இணைப்பில் யுடிஎஃப்8எம்பி4-க்குப் பதில் லத்தீன்1 (ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று போடுங்கள். தளம் அந்த நிமிடமே சரியாகத் தெரியும். நான் இரண்டு தளத்துக்கு இப்படிச் செய்து வருடக்கணக்காக ஓடுகிறது. 11 நாள்தான் இருக்கிறது என்கிறார், அவருக்கு முதலில் தளம் எழுந்து நிற்க வேண்டும்.


கடைசிபைட்:

தெரியும், மறுக்கவில்லை. கடைசி நாள் இரவு வேறு வழியே இல்லை என்றால் அதையும் செய்யலாம். ஆனால் 11 நாள் இருக்கும்போது ஏன் நோயை உள்ளேயே வைத்துத் தைக்க வேண்டும்? டேட்டாபேஸ் அந்தச் சொல்லைத் தமிழாகப் பார்க்காது, ஐரோப்பிய எழுத்துக் குவியலாகவே பார்க்கும். முகப்பில் தலைப்பை 40 எழுத்தோடு வெட்டிக் காட்டச் சொன்னால் ஒரு தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டி வைரக் கேள்விக்குறியை வைக்கும். ஆசிரியர் பெயர்களை அகர வரிசைப்படுத்த முடியாது. நாளை வேறொருவர் இணைப்பை யுடிஎஃப்8-க்கு மாற்றிவிட்டு ஒரே ஒரு கடிதத்தைச் சேர்த்தால், அந்த டேபிளில் இரண்டு விதமான பதிவுகள் கலந்துவிடும். கலந்ததைப் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே கொடுமை.

வைகைக்கரை, புள்ளி ஏன் போனது என்று கேட்டீர்கள். எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முன்னால் வரை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் டேபிள் லத்தீன்1 ஆகத்தான் பிறக்கும். இணைப்பும் லத்தீன்1. உங்கள் பழைய பிஎச்பி அதில் யுடிஎஃப்8 பைட்களைக் கொடுத்தது, மைஎஸ்கியூஎல் அதை லத்தீன் எழுத்து என்று நினைத்து வாங்கி வைத்தது, கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே தவறு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மைஎஸ்கியூஎல்டம்ப் மட்டும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அது இயல்பாகவே யுடிஎஃப்8-இல் பேசும். லத்தீன்1 என்று பெயர் எழுதிய டேபிளிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணி யுடிஎஃப்8-க்கு மாற்றிவிட்டது. தமிழில் ஒரு யூனிகோடு குறியீட்டுக்கு 3 பைட், அது 6 அல்லது 7 பைட் ஆகிவிடும். 160 எம்பி 330 ஆனதன் காரணம் இதுதான், டம்ப் ஃபைல் அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கிறது.

இப்போது புள்ளி. மைஎஸ்கியூஎல் லத்தீன்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸின் சிபி1252. அந்தப் பட்டியலில் ஐந்து இடம் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழ் எழுத்துகளின் யுடிஎஃப்8 பைட்களை எழுதிப் பாருங்கள். புள்ளி இ0 ஏஎஃப் 8டி. உகரக் குறி இ0 ஏஎஃப் 81. ஏ என்ற உயிரெழுத்து இ0 ஏஇ 8எஃப். ஐ என்பது இ0 ஏஇ 90. நான்குமே காலி இடத்தில் விழுகின்றன! ஊகாரக் குறி 82-இல் முடிகிறது, அது காலி இல்லை, அதனால்தான் மூ தப்பித்தது. மைஎஸ்கியூஎல் இந்தக் காலி இடங்களையும் அதே எண்ணுள்ள குறியீட்டுக்கு மாற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், திரும்பவும் அதே பைட்டாகக் கொடுக்கும். ஐகான்வ் அப்படிச் செய்யாது, காலி இடம் என்றால் பிழை என்று நிற்கும். நீங்கள் பிழையை விட்டுவிடச் சொன்னதும் அந்தக் கடைசி பைட்டை எடுத்து வீசிவிட்டது. மூன்று பைட்டில் இரண்டுதான் மிச்சம், அதுதான் வைரக் கேள்விக்குறி.

ஆகவே ஐகான்வ் போட்ட ஃபைலை அழித்துவிடுங்கள், அது திரும்பாது. முதலில் எடுத்த 330 எம்பி டம்பில்கூட எதுவும் தொலையவில்லை, ஆனால் புதிதாக எடுப்பதே சுலபம்.


வைகைக்கரை:

அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. சொன்னபடி எழுதும் பகுதியை மூடி, டார் எடுத்து என் லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துவிட்டேன்.

ஹெக்ஸ் பார்த்தேன். கட்டுரைகள் டேபிள் லத்தீன்1, 'அ'வுக்கு இ0 ஏஇ 85 என்று வருகிறது. ஆனால் கடிதங்கள் டேபிள் யுடிஎஃப்8 என்று இருக்கிறது, அதில் பழைய சர்வரிலேயே சி3 ஏ0 சி2 ஏஇ என்றுதான் தொடங்குகிறது. அதை 2013-இல் வேறொரு நண்பர் பிஎச்பிமைஅட்மின் வழியாக உருவாக்கினார். தளத்தில் அதுவும் சரியாகத்தான் தெரிகிறது. இது எப்படி? இரண்டுக்கும் தனித்தனி வைத்தியமா? மொத்தம் 9 டேபிள், அட்டைப்படங்கள் ஒரு டேபிளில் பிளாப் (பைனரித் தரவு) ஆக இருக்கின்றன.


கடைசிபைட்:

கண் கலங்க வேண்டாம் தம்பி, நல்ல செய்திதான். கடிதங்கள் டேபிளை உருவாக்கியவர் யுடிஎஃப்8 என்று சரியாக வைத்தார், இணைப்பு மட்டும் லத்தீன்1 ஆகவே இருந்தது. அதனால் உள்ளே போகும்போது ஒரு தடவை கூடுதலாக என்கோடு ஆகி, வெளியே வரும்போது அது கழற்றப்பட்டு வந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம். பழைய தளம் எந்தக் கண்ணால் பார்த்ததோ அதே கண்ணால் டம்ப் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல்டம்புக்கு டிஃபால்ட்-கேரக்டர்-செட் லத்தீன்1 என்று கொடுங்கள். லத்தீன்1 டேபிளிலிருந்து பைட்கள் மாறாமல் வரும், யுடிஎஃப்8 டேபிளிலிருந்து கூடுதல் உறை கழன்று வரும். இரண்டிலும் கையில் கிடைப்பது சுத்தமான யுடிஎஃப்8. கூடவே ஸ்கிப்-செட்-சார்செட் கொடுங்கள், இல்லையென்றால் டம்பின் தலையில் செட் நேம்ஸ் லத்தீன்1 என்று எழுதி வைத்துப் புது சர்வரிலும் அதே குழப்பத்தை ஆரம்பிக்கும். படங்களுக்காக ஹெக்ஸ்-பிளாப் அவசியம்.

அமைப்பையும் தரவையும் இரண்டு ஃபைலாக எடுங்கள், ஒன்றுக்கு நோ-டேட்டா, இன்னொன்றுக்கு நோ-கிரியேட்-இன்ஃபோ. தரவு ஃபைலில் எந்தச் சொல்லையும் தேடி மாற்றாதீர்கள். அமைப்பு ஃபைல் 9 டேபிள்தானே, எடிட்டரில் திறந்து கையாலேயே லத்தீன்1, யுடிஎஃப்8 இரண்டையும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். தேடி மாற்றும் கருவியால் மாற்றுபவர்கள் லத்தீன்1-ஐ முதலில் மாற்றிவிட்டு அப்புறம் யுடிஎஃப்8-ஐ மாற்றினால் எம்பி4எம்பி4 என்று வந்து நிற்கும். கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) என்று தனியாக எழுதியிருப்பவற்றை எல்லாம் நீக்கிவிடுங்கள், புதிய சர்வரின் இயல்பே வரட்டும். ஏற்றும்போது கிளையண்டுக்கு டிஃபால்ட்-கேரக்டர்-செட் யுடிஎஃப்8எம்பி4.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். உங்கள் தலைப்பு ஃபீல்டு வர்கேர் 255 (அதிகபட்சம் 255 எழுத்து) ஆக இருக்கும். லத்தீன்1-இல் 255 என்றால் 255 பைட், தமிழுக்கு 85 குறியீடுதான். மெய்யெழுத்துக்கு இரண்டு குறியீடு, உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு. ஆக நீளமான தலைப்புகள் பதினாறு வருடத்துக்கு முன்பே சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருக்கும், 5.1 இதற்கெல்லாம் ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். இடைவெளிக்கு 1 பைட், எழுத்துக்கு 3 பைட் என்பதால் சில தலைப்புகள் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கும். ஸ்ட்ரிக்ட் மோடில் (தவறான மதிப்பு வந்தால் பிழை சொல்லும் முறை) 8.0 அந்த அரை எழுத்தை வாங்காது, இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ என்று நிற்கும். அதற்காக ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடாதீர்கள், டம்பின் தலையில் உள்ள எஸ்கியூஎல் மோட் வரியே அதை அணைக்கும், அந்த வரியில் ஸ்ட்ரிக்ட் மோடைச் சேர்த்துவிடுங்கள். அணைத்தால் கெட்ட பைட் வந்த இடத்தோடு மிச்சத்தை வெட்டிவிட்டுப் பேசாமல் போகும், கட்டுரையின் நடுவில் இருந்தால் பாதிக் கட்டுரை காலி. பழைய சர்வரில் லெங்த் 255 ஆக இருக்கும் தலைப்புகளைப் பட்டியல் எடுங்கள், கடிதங்கள் டேபிளில் கேர் லெங்த் 255. கட்டுரை உடல் டெக்ஸ்ட் வகை என்றால் லெங்த் 65535 ஆக இருப்பவற்றையும் எடுங்கள், ஏனென்றால் அங்கேயும் ஒரு சுவர் இருக்கிறது, 21,845 குறியீட்டோடு நின்றுவிடும்.

தரவு டம்பை ஸ்கிப்-எக்ஸ்டெண்டட்-இன்செர்ட் போட்டு எடுத்தால் ஒரு வரிக்கு ஒரு பதிவு. ஒத்திகையாக ஒரு தடவை ஃபோர்ஸ் (பிழை வந்தாலும் நிற்காமல் போ) கொடுத்து ஏற்றினால் எந்தெந்த வரியில் பிழை என்று எண்ணோடு வரிசையாகச் சொல்லும். அந்த வரிகளை மட்டும் திருத்தி, டேட்டாபேஸை அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஃபோர்ஸ் இல்லாமல் ஏற்றுங்கள்.


இரவுப்பணி:

கடைசிபைட் எழுத்துப் பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். மற்றதில் இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன், இந்த வருடம் மட்டும் இதே மாதிரி நாலு மாற்றம் செய்திருக்கிறேன்.

5.1 என்றால் டேபிள்களின் சேமிப்பு வகை மையிசாமாக இருக்கும். அமைப்பு ஃபைலிலேயே இன்னோடிபி என்று மாற்றிவிடுங்கள். மையிசாமுக்கு சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் போட்டு டம்ப் எடுப்பதில் பயன் இல்லை, எழுதும் பகுதியை மூடியிருப்பதால் உங்களுக்குக் கவலையில்லை. தேதி இடத்தில் 0000-00-00 இருந்தால் 8.0 மறுக்கும், அந்த ஃபீல்டில் நல் (வெற்று மதிப்பு) அனுமதித்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏதாவது டேபிளுக்கோ ஃபீல்டுக்கோ ரேங்க், குரூப்ஸ் என்று பெயர் இருந்தால் அவை இப்போது ஒதுக்கப்பட்ட சொற்கள், குவெரி உடையும். குரூப் பை குவெரிகளும் 5.7 முதல் கண்டிப்பாகிவிட்டன. மைஎஸ்கியூஎல் என்ற பெயரிலேயே உள்ள சிஸ்டம் டேட்டாபேஸைக் கொண்டுபோகவே கூடாது, யூசரைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.

அப்பாச்சி 2.2-இல் யாருக்கு அனுமதி என்பதை ஆர்டர், அலௌ என்று எழுதியிருப்பீர்கள், 2.4-இல் அது ரிக்வயர் ஆல் கிராண்டட். ஹெச்டிஆக்சஸ் ஃபைலிலும் தேடுங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டிஎன்எஸ் டிடிஎல் (தளத்தின் ஐபி முகவரியை மற்றவர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பது) பெரும்பாலும் 86400 ஆக இருக்கும், அதாவது ஒரு நாள். இன்றைக்கே 300 ஆகக் குறையுங்கள், மாற்றும் நாளில் குறைத்தால் பயனில்லை. அதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய ஐபியைப் போட்டுத் தளத்தை ஒரு சுற்று முழுசாகப் பாருங்கள். பழைய டொமைனுக்கு ஐபிவி6 பதிவு இருந்தால் அதையும் மாற்ற மறக்க வேண்டாம், பாதிப் பேருக்குப் பழைய தளமும் பாதிப் பேருக்குப் புதிய தளமும் தெரிந்து மண்டை காயும்.

பேக்அப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்தார். பேக்அப் பல விதமாக இருந்தது, எடுக்கப் போனபோது வழக்கமான டம்ப் எல்லாம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த நிரல் 9.2, அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோல்வியைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போனது. அவர்களே இதைத் திறந்த மனதோடு எழுதி வெளியிட்டார்கள். அதனால் உங்கள் டாரை வேறொரு மெஷினில் விரித்து, மைஎஸ்கியூஎல் 5.1-ஐ அதன் மேல் ஓடவிட்டு ஒரு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். படித்த பிறகுதான் அது பேக்அப்.


ஏட்டுச்சுவடி:

கல்வெட்டுக் குறிப்பு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் வந்தேன். யுடிஎஃப்8எம்பி4 எமோஜிக்காகத்தான், தமிழுக்கு வெறும் யுடிஎஃப்8 போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. நம் பின்ன எழுத்துகள், முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, நில அளவைக் குறிகள் எல்லாம் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்தன. அவை 4 பைட் எழுத்துகள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நிலக்கொடைக் கல்வெட்டை இனி படமாக இல்லாமல் எழுத்தாகவே பதிப்பிக்க நினைத்தால் எம்பி4 வேண்டும்.

வரிசையும் மாறும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, ழ வ-வுக்கு முன்னால். வெறும் குறியீட்டு எண்படி அடுக்கினால் மனோகரன் மலருக்கு முன்னால் வந்துவிடுவார், பழனி பவளத்துக்கு முன்னால். 8.0-இன் 0900 கொலேஷனில் வ, ழ, ள, ற, ன என்று நம் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஒரே குறை, புள்ளி வைத்த மெய் பின்னால் போகிறது, அகராதியில் பகலுக்கு முன்னால் வர வேண்டிய பக்கம் இங்கே பின்னால் வரும். ஆசிரியர் அட்டவணைக்கு இது போதும், சொல்லடைவு போடுவதாக இருந்தால் தனியாக வரிசைச் சாவி வைக்க வேண்டியிருக்கும்.

படங்கள் சில தமிழ்ப் பெயரில் ஃபைலாக இருந்தால் நேராக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் சர்வர் விட்டு சர்வர் கொண்டுபோங்கள். நடுவில் பழைய மேக் ஒன்றில் இறக்கி ஏற்றியதில் எனக்கு 'கோயில்' எல்லாம் காணாமல் போனது. கோ-வில் உள்ள ஓகாரக் குறியை அது ஏகாரமும் காலும் என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுதான், சர்வருக்கு வேறு பெயர்.


சீக்கிரம்_முடி:

கடைசிபைட் சொன்னதைப் படித்துவிட்டு என்னுடைய இரண்டு தளத்தில் ஒன்றில் ஹெக்ஸ் பார்த்தேன். கடந்த வருடம் ஒரு பிளக்இன் போட்டேன், அது நேராக யுடிஎஃப்8-இல் எழுதியிருக்கிறது. பின்னூட்டங்களில் 300-க்கு மேல் இரண்டு விதமாகக் கலந்து கிடக்கின்றன. இதைப் பிரிக்க வழி உண்டா?


கடைசிபைட்:

உண்டு. டேபிள் யுடிஎஃப்8 என்றால், ஹெக்ஸ் மதிப்பில் சி3ஏ0சி2ஏ என்று வரும் பதிவுகள் இரட்டை என்கோடு ஆனவை, சரியான தமிழில் அந்த வரிசை வரவே வராது. அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, லத்தீன்1-க்கு கன்வர்ட் செய்து, பைனரியாக காஸ்ட் செய்து, மறுபடி யுடிஎஃப்8எம்பி4-க்கு கன்வர்ட் செய்யுங்கள். முதலில் செலக்டில் போட்டுக் கண்ணால் பாருங்கள், அப்புறம் அப்டேட். ஒரே பதிவில் பாதி அப்படியும் பாதி இப்படியும் இருந்தால் சரியாக இருந்த பாதி கேள்விக்குறிகளாகத் திரும்பும், அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். வெளியே எந்தக் கருவிக்கும் கொண்டுபோகாதீர்கள், மைஎஸ்கியூஎல்லுக்கு உள்ளேயே செய்யுங்கள், புள்ளிக்காகச் சொல்கிறேன்.


வைகைக்கரை:

முடிந்தது! சனி இரவு தொடங்கி ஞாயிறு விடிய நாலு மணிக்கு முடித்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

இந்த முறை தரவு ஃபைலை லெஸ் கொடுத்துத் திறந்ததும் முதல் வரியிலேயே தமிழ் படிக்க முடிந்தது. ஒத்திகையில் 41 வரிகளில் பிழை. எல்லாமே தலைப்பு, எல்லாமே கடைசியில் அரை எழுத்து. லெங்த் 255 உள்ள தலைப்புகள் மொத்தம் 63 இருந்தன, மற்ற 22-இலும் வெட்டு இருந்தது, ஆனால் எழுத்தின் எல்லையில் விழுந்ததால் பிழை வரவில்லை. பட்டியல் எடுக்கச் சொல்லாவிட்டால் அந்த 22-ஐக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். ஒரு தொடர்கதையின் ஏழாம் பகுதி 65535-இல் நின்றிருந்தது, கடைசி இரண்டு பத்தி இத்தனை வருடமாக இல்லை, ஒரு வாசகரும் சொல்லவில்லை. உடலை மீடியம்டெக்ஸ்ட் ஆக்கி, அச்சு இதழைப் பார்த்து அந்த இரண்டு பத்தியையும் தட்டச்சு செய்தேன்.

சரிபார்க்க ஒரு வழி செய்தோம், நண்பர் சொன்ன யோசனை. பழைய சர்வரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எண்ணும் உடலின் எம்டி5-உம் (பைட்களிலிருந்து கணக்கிடும் சிறு அடையாளக் குறி) ஒரு ஃபைலில் எடுத்தோம், புதியதிலும் அதே. பைட்கள் மாறக்கூடாது என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கடிதங்களுக்கு மட்டும் பழைய பக்கத்தில் லத்தீன்1-க்கு கன்வர்ட் செய்துவிட்டு எம்டி5. இரண்டு ஃபைலையும் ஒப்பிட டிஃப் கொடுத்ததும் கட்டுரையில் ஒரே ஒரு வேறுபாடு, நான் தட்டச்சு செய்த தொடர்கதை. கடிதங்களில் ஒன்றுகூட இல்லை. அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை.

இரவுப்பணி சொன்ன பூஜ்யத் தேதி 118 இடத்தில் இருந்தது, ஹெச்டிஆக்சஸிலும் ஒன்று மாட்டியது. ஏட்டுச்சுவடி ஐயா, முந்திரிக் குறியை ஒரு கல்வெட்டுக் குறிப்பில் எழுத்தாகவே சேர்த்துப் பார்த்தேன், நிற்கிறது.

63 தலைப்புகளில் 61-ஐ அச்சு இதழ்களிலிருந்து முழுசாக எழுதிவிட்டோம். மிச்சம் இரண்டும் 2010 மார்கழி இதழில் வந்தவை, எங்களிடம் இருந்த ஒரே பிரதி கரையான் அரித்துவிட்டது. சிற்றிதழ் சேர்ப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் தனிமடலில் இதழின் பெயர் சொல்கிறேன், உள்ளடக்கப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.